திரைக்குப் பின்னால் பாடியது யார்?

சினிமா எல்லாரையும் கேலி செய்யும். கஞ்சப் பணக்காரரைக் கேலி செய்யும். அதிகாரம் பண்ணும் மாமியாரைக் கேலி செய்யும். பட்டணம் போய்த் திரும்பியதும் தாய்மொழி மறந்துபோகும் மைனர்களைக் கேலி செய்யும். நாமும் கொட்டகையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். ஆனால் சினிமா தன்னைத் தானே கேலி செய்துகொண்டால் எப்படி இருக்கும்? பளபளக்கும் நட்சத்திரங்களுக்குப் பின்னால் உள்ள பொய்யையும் புரட்டையும் சினிமாக்காரர்களே எடுத்துப் போட்டு, "பாருங்கள், எங்கள் லட்சணம் இதுதான்" என்று சொன்னால்?

ஹாலிவுட் அப்படிச் சில படங்களை எடுத்திருக்கிறது. அவற்றுள் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத் தக்கது, 1952-ல் எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்ட 'சிங்கிங் இன் த ரெயின்'. 'மழையிலே பாடிக்கொண்டு' என்று பொருள். (எம்.ஜி.எம். என்றதும் எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், "நம்ம எம்.ஜி.ஆருக்கு அண்ணனா, தம்பியா?" என்று கேட்டார். அது சிங்கம் கர்ஜிக்கும் அமெரிக்கப் படக் கம்பெனி!) நடிகர் ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் சேர்ந்து இயக்கிய படம். கதை வசனம் பெட்டி காம்டன், அடோல்ஃப் கிரீன் இருவரும் சேர்ந்து எழுதியது.

இந்தப் படம் பிறந்த விதமே வேடிக்கை. முதலில் கதை, பிறகு பாட்டு என்பதுதான் வழக்கம். இங்கே பாட்டு முதலில், கதை பிறகு. தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட் ஒரு காலத்தில் பாடலாசிரியர். 1920, 30-களில் அவர் எழுதி, நேசியோ ஹெர்ப் பிரவுன் இசையமைத்த பாடல்கள் கம்பெனியின் கையில் இருந்தன. "இவற்றை வைத்து ஒரு படம் பண்ணுங்கள்" என்று எழுத்தாளர் இருவரிடமும் சொன்னார்கள். பாடல்களில் பல, ஊமைப்படம் போய்ப் பேசும்படம் வந்த நாள்களைச் சேர்ந்தவை. அப்படியானால் கதையும் அந்த நாள்களிலேயே நடக்கட்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அந்த முடிவிலிருந்துதான் இத்தனை சிரிப்பும் பிறந்தது.

கதைச் சுருக்கம்

ஆண்டு 1927. டான் லாக்வுட், லீனா லமாண்ட் இருவரும் ஊமைப்படத்தின் ராஜா ராணி. டானாக ஜீன் கெல்லி. லீனாவாக ஜீன் ஹேகன் என்ற நடிகை. (இருவருக்கும் ஜீன்தான் பெயர், குழம்ப வேண்டாம்.) புதுப்பட வெளியீட்டு விழாவில் டான் ஒலிபெருக்கி முன் நின்று, தான் எவ்வளவு கண்ணியமாக வளர்ந்தவன், எத்தனை பெரிய கலைக்கூடங்களில் பயின்றவன் என்று அளக்கிறான். அவன் சொல்லச் சொல்ல, திரையில் நமக்கு உண்மை காட்டப்படுகிறது. சில்லறைக்கு ஆடிய மேடைகள், கூச்சலிட்டு விரட்டிய கூட்டம், கதாநாயகனுக்குப் பதிலாகக் குதித்து அடிபட்ட நாள்கள்! வாய் ஒன்று சொல்கிறது, படம் வேறொன்று சொல்கிறது. முதல் பத்து நிமிடத்திலேயே படத்தின் குணம் நமக்குப் புரிந்துவிடுகிறது.

பக்கத்தில் நிற்கும் லீனா வாய் திறப்பதேயில்லை. அவள் பேச வரும்போதெல்லாம் டான் முந்திக்கொள்கிறான். மேடையை விட்டு உள்ளே போனதும்தான் காரணம் தெரிகிறது. அவள் குரல், தகரத்தில் ஆணியால் கீறியதுபோல் இருக்கிறது! ஊமைப்படம் உள்ளவரை அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அதே 1927, அக்டோபர் 6-ல் வார்னர் பிரதர்ஸ் கம்பெனியின் 'த ஜாஸ் சிங்கர்' வெளியாகிறது. நடிகர் திரையிலே பாடுகிறார், பேசுகிறார். மக்கள் அலைமோதுகிறார்கள். டானின் முதலாளியும் கையில் இருந்த ஊமைப்படத்தைப் பேசும்படமாக்கத் துணிகிறார்.

பிறகு நடப்பதெல்லாம் கூத்து. மைக்கைச் செடிக்குள் ஒளித்து வைக்கிறார்கள். லீனா தலையைத் திருப்பும்போதெல்லாம் குரல் காணாமல் போகிறது. அவள் உடுப்பில் வைத்துத் தைக்கிறார்கள். இதயத் துடிப்பு இடிபோல் கேட்கிறது. இது வெறும் கற்பனை அன்று. பேசும்படத்தின் தொடக்க நாள்களில் உண்மையாகவே மைக்கைப் பூந்தொட்டியில் ஒளித்தார்கள். கேமராவின் இரைச்சல் கேட்காமலிருக்க அதையும் அதை இயக்குபவரையும் ஒரு பெட்டிக்குள் அடைத்தார்கள். அந்தப் பெட்டியைப் படத்திலும் பார்க்கலாம்.

முன்னோட்டக் காட்சியில் ஒலி பின்தங்கிப் போகிறது. வில்லன் வாயசைத்தால் பெண் குரல் வருகிறது, பெண் வாயசைத்தால் வில்லன் குரல் வருகிறது. கொட்டகை சிரிப்பில் அதிர்கிறது. படத்தைக் காப்பாற்ற டானின் நண்பன் காஸ்மோ ஒரு வழி சொல்கிறான். கேத்தி செல்டன் என்ற பாடத் தெரிந்த ஏழைப்பெண் மறைவிலிருந்து குரல் கொடுக்கட்டும், லீனா வாயசைக்கட்டும். காஸ்மோவாக டொனால்ட் ஓ'கானர்; கேத்தியாக டெபி ரேனால்ட்ஸ். திட்டம் பலிக்கிறது. உடனே லீனா, "இனி எப்போதும் இவள் எனக்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும், இவள் பெயர் வெளியே வரக்கூடாது" என்கிறாள். கடைசியில், ஆயிரம் பேர் முன்னிலையில் ஒரு திரைச்சீலை விலகுகிறது. பாடுகிறவள் யார், வாயசைக்கிறவள் யார் என்பது தெரிந்துபோகிறது.

எங்கள் பள்ளி மண்டபத்தில்

போன பள்ளி விடுமுறையில், தோட்டத்து மக்களுக்கு இந்தப் படத்தைப் பள்ளி மண்டபத்தில் போட்டுக் காட்டினோம். ஒரு மணி 43 நிமிடம் ஓடும் படம். இடையிடையே நிறுத்தி, நடப்பதைத் தமிழில் சொன்னேன். ஏறக்குறைய நாற்பது பேர் இருந்தார்கள். படம் முடிந்ததும் வரக்கோப்பியும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் வந்தன. "நால்வரில் யார் நடிப்பு முதல்?" என்று கேட்டேன். ஒரு கேள்விக்கு நாற்பது பதில் வந்தது. அவற்றுள் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஒரு படத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர் சொல்வது ஒன்று. நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்து பார்க்கிறவர் சொல்வது ஒன்று. இரண்டாவதுக்கும் மதிப்புண்டு.

மழையில் ஆடியவர்

பெரும்பாலோர் கை ஜீன் கெல்லிக்கே உயர்ந்தது. கொட்டும் மழையில் குடையை மடக்கிவிட்டு, விளக்குக் கம்பத்தில் தொங்கி, தேங்கிய நீரில் குழந்தைபோல் குதித்து அவர் ஆடும் ஆட்டத்தை உலகமே அறியும். அதைப் படமெடுத்த நாளில் அவருக்குக் கடும் காய்ச்சல், 103 டிகிரி என்று சொல்வார்கள். முகத்தில் அதன் சாயல்கூட இல்லை.

டிராக்டர் ஓட்டும் அண்ணன் ஒருவர் மட்டும் தலையை ஆட்டினார். "நல்லாத்தான் ஆடுறான், வாத்தியாரே. ஆனா மழை பேஞ்சா அவனுக்குச் சந்தோசம். எங்க அப்பா பால்மரம் வெட்டுன காலத்துல மழை பேஞ்சா வெட்டு இல்ல. வெட்டு இல்லாட்டி அன்னிச் சம்பளம் இல்ல. மழையப் பாத்துச் சிரிச்ச ஆள நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், "அதனாலதான் எனக்கு அது புடிச்சிச்சு. மழைய அப்படியும் பாக்கலாம் போலருக்கே" என்று மெதுவாகச் சொன்னார். கெல்லியின் நடிப்புக்கு இதைவிட நல்ல பாராட்டை நான் எங்கும் படித்ததில்லை.

சுவரில் ஏறியவர்

பாட்டிமார்களின் வாக்கு முழுவதும் டொனால்ட் ஓ'கானருக்கு. துணிப்பொம்மையோடு சண்டை போட்டு, பலகையில் முட்டி, கடைசியில் சுவரிலே ஓடி ஏறிக் குட்டிக்கரணம் அடிக்கும் காட்சியில், "ஐயோ, இந்தப் புள்ள இடுப்பு என்னத்துக்காகும்!" என்று ஒரு பாட்டி எழுந்தே நின்றுவிட்டார். அவர் பயந்ததில் தவறில்லை. ஓ'கானர் ஊர் ஊராகப் போய் மேடையில் ஆடும் குடும்பத்தில் பிறந்தவர். நடக்கத் தொடங்கிய வயதிலிருந்தே ஆடியவர். அவருக்கே அந்தக் காட்சி முடிந்ததும் சில நாள் படுக்கை. எழுந்து வந்தால், எடுத்த சுருள் கெட்டுப்போய்விட்டது, மறுபடி ஆட வேண்டும் என்றார்களாம். மறுபடியும் ஆடினார். நகைச்சுவை, இசைப்பட நடிகருக்கான 'கோல்டன் குளோப்' பரிசு அவருக்குக் கிடைத்தது.

கதையில் காஸ்மோவுக்குக் காதல் இல்லை, சண்டை இல்லை, பெரிய இடமும் இல்லை. நண்பன் சோர்ந்தால் சிரிக்க வைப்பதே அவன் வேலை. "நம்ம பெரட்டுக் களத்துலயும் இப்படி ஒருத்தர் இருந்தா, பாதிப் பாரம் எறங்கிடும்" என்றார் அந்தப் பாட்டி.

பத்தொன்பது வயதுப் பெண்

தையல் ஆலைக்குப் போகும் பெண்கள் டெபி ரேனால்ட்ஸ் பக்கம் நின்றார்கள். படம் எடுக்கும்போது அவருக்கு வயது 19. முறையாக நடனம் கற்றவர் அல்லர். சிறுவயதில் உடற்பயிற்சி வித்தைகள் பழகியவர். இருபுறமும் கெல்லியும் ஓ'கானரும். இருவரும் ஆட்டத்தில் ஊறியவர்கள். அவர்களுக்கு ஈடுகொடுத்து ஆட வேண்டும். கெல்லி மிகக் கடுமையான ஆசான். ஒருநாள் ரேனால்ட்ஸ் பியானோவுக்கு அடியில் ஒளிந்து அழுதுகொண்டிருந்ததைப் புகழ்பெற்ற நடனக்கலைஞர் ஃபிரெட் அஸ்டெர் கண்டு, தம் ஒத்திகைக்கு அழைத்துப்போய்த் தேற்றினாராம். மூவரும் சோபாவைத் தாண்டி ஆடும் காலைவணக்கப் பாட்டை எடுத்த அன்று, காலையில் தொடங்கி நள்ளிரவை நெருங்கும்வரை வேலை. முடிவில் அவர் பாதங்களில் இரத்தம். இந்தப் படத்தில் நடித்ததும் பிள்ளை பெற்றதும்தாம் தம் வாழ்வில் மிகக் கடினமான இரண்டு வேலைகள் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

ஆலைக்குப் போகும் தங்கை ஒருத்தி சொன்னாள்: "அவ சிரிப்புல களைப்பே தெரியல, சார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நாங்களும் ராத்திரி வேலை முடிச்சிட்டு, வீட்டு வாசல்ல அப்படித்தான் சிரிச்சிக்கிட்டு உள்ள போவோம். அம்மா கவலப்படக் கூடாதுல்ல."

லீனாவைப் பார்த்துச் சிரிக்கலாமா?

பேச்சு லீனாவிடம் வந்தபோதுதான் சூடு பிடித்தது. "எவ்வளவு அருமையான கோமாளி! குரலைக் கேட்டாலே சிரிப்பு வருகிறது" என்று பலர் சொன்னார்கள். அப்போது நான்காம் படிவம் படிக்கும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "எனக்குச் சிரிக்க மனசு வரல, சார்" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, தான் வகுப்பில் ஆங்கிலம் வாசித்தபோது ஒரு சொல்லில் 'ஃப' வரவேண்டிய இடத்தில் 'ப' வந்துவிட்டதாகவும், வகுப்பே சிரித்ததாகவும், அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் வாசிக்கக் கை உயர்த்தவில்லை என்றும் சொன்னாள். படத்தில், உச்சரிப்பு கற்றுக்கொடுக்கும் அம்மையார் முன் லீனா ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பத் தவறாகவே சொல்லும் காட்சியில் எல்லாரும் சிரித்தபோது, அவள் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் அவளுக்குத் துணை வந்தார். "பொய் சொன்னது ரெண்டு பேருந்தான, வாத்தியாரே? அந்த ஆம்பள, பெரிய எடத்துல படிச்சேன்னு பொய் சொன்னான். அவனுக்கு மாலை. இவ குரலப் பத்தி மறைச்சா. இவளுக்கு மானக்கேடு. இது என்ன நியாயம்?"

நல்ல கேள்வி. புத்தகம் எழுதுகிறவர்களும் யோசிக்க வேண்டிய கேள்வி. மண்டபம் சற்று நேரம் அமைதியாக இருந்தது. பதில் சொன்னவர் ஓர் இளந்தாய். "அவன் பொய்யினால யாரு கூலியும் போகல, அக்கா. இவ பொய், பாடின பொண்ணு வாயில மண்ணப் போட்டுடிச்சே! நான் அவ குரலுக்காகச் சிரிக்கல. அவ ஆணவத்துக்காகச் சிரிச்சேன்."

இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. படத்தின் முன்பாதியில் நாம் சிரிப்பது லீனாவின் நாக்கைப் பார்த்து; பின்பாதியில் சிரிப்பது அவள் நெஞ்சைப் பார்த்து. நாக்கு அவள் தேர்ந்துகொண்டதன்று. நெஞ்சுக்கு அவளே பொறுப்பு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஒருவர் பேசத் தெரியாததைக் கண்டு சிரிப்பது கேலி. ஒருவர் பிறர் உழைப்பைத் தன் பெயரில் எழுதிக்கொள்வதைக் கண்டு சிரிப்பதே நையாண்டி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லீனாவை எல்லாரும் முட்டாள் என்கிறார்கள். ஆனால் அந்தக் கதையில் தன் ஒப்பந்தத்தில் எந்தப் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். அதைக் காட்டித்தான் முதலாளியையே மடக்குகிறாள். கையெழுத்துப் போடும் தாளை வாசித்துப் பார்ப்பது முட்டாளின் குணமா? அந்த முதலாளியையும் மறந்துவிடக்கூடாது. லாபம் வரும்வரை லீனாவின் பக்கம். கடைசியில் திரைச்சீலையை இழுக்கும்போது கயிற்றில் அவர் கையும் இருக்கிறது. "மொதலாளி ரெண்டு பக்கமும் தப்பிச்சிட்டாரு" என்று டிராக்டர் அண்ணன் சொன்னது முற்றிலும் சரி.

இத்தனை விவாதத்துக்கும் இடம் வைத்த நடிகை ஜீன் ஹேகன். என்னைக் கேட்டால் அந்தப் படத்தின் முதல் நடிப்பு அவருடையதுதான். பலரும் அவரைப் பாராட்ட மறப்பதற்குக் காரணம், அந்தக் கீச்சுக்குரல் அவர் பிறவிக்குரல் என்று நம்பிவிடுவதே. உண்மையில் ஹேகனின் குரல் கேட்க இனிமையானது. 1950-ல் 'த அஸ்ஃபால்ட் ஜங்கிள்' என்ற குற்றக்கதைப் படத்தில் அழுத்தமான சோகப் பாத்திரத்தில் நடித்தவர் அவர். இங்கே குரலை உடைத்து, நடையை மாற்றி, ஒரு கணமும் "நான் சும்மா நடிக்கிறேன்" என்று கண்ணடிக்காமல், லீனாவாகவே வாழ்ந்திருக்கிறார். அசட்டு வேடம் போடுகிறவர்கள் பலர், "நான் இப்படிப்பட்டவள் இல்லை" என்று எங்காவது காட்டிக்கொள்வார்கள். ஹேகன் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் பெயர் ஆஸ்கார் பரிசின் துணைநடிகைப் பட்டியலில் இடம்பெற்றது. 1953-ல் நடந்த விழாவில் பரிசு குளோரியா கிரஹாமுக்குப் போனது. ஹேகன் 1977-ல், தமது 54-ஆம் வயதில் காலமானார்.

பாடியது யார்?

இந்த இடத்தில் ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், லீனாவுக்குக் கேத்தி பாடினா. கேத்திக்கு உண்மையிலே யாரு பாடினா? அவங்களே பாடினாங்களா?"

பல பாட்டுகளை ரேனால்ட்ஸ் தாமே பாடினார். ஆனால், மைக்குக்கு முன் நின்று லீனாவுக்காகக் கேத்தி பாடும் அந்த இனிய காதல் பாட்டு இருக்கிறதே, அதைப் பாடியவர் ரேனால்ட்ஸ் அல்லர். பெட்டி நோயஸ் என்ற பின்னணிப் பாடகி. லீனாவுக்காகக் கேத்தி பேசும் வசனமோ ரேனால்ட்ஸின் குரலே அன்று. அது ஜீன் ஹேகனின் சொந்தக் குரல்! அதாவது ஹேகனுக்குக் குரல் கொடுப்பதாக நடிக்கும் ரேனால்ட்ஸுக்கு, ஹேகனே குரல் கொடுத்திருக்கிறார். தலை சுற்றுகிறதா? மண்டபத்திலும் எல்லாருக்கும் சுற்றியது. கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டித்தான் விளக்க முடிந்தது.

சிரித்து முடித்த பிறகு இதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். "திரைக்குப் பின்னால் நின்று பாடியவளின் பெயரைச் சொல்லுங்கள்" என்பதற்காகவே ஒரு படம். அந்தப் படத்துக்காகத் திரைக்குப் பின்னால் நின்று பாடியவரின் பெயர், படத்தின் பெயர்ப்பட்டியலில் இல்லை. பெட்டி நோயஸுக்கு இது புதிதும் அல்ல. 1941-ல் வந்த 'டம்போ' என்ற யானைக்குட்டிக் கார்ட்டூன் படத்தில், அடைபட்ட தாய் யானை தன் குட்டியைத் தும்பிக்கையால் தாலாட்டும் காட்சி உண்டு. பார்த்தவர் கண் கலங்காமல் இருந்ததில்லை. அந்தத் தாலாட்டைப் பாடியவரும் அவரே. அங்கும் பெயர் போடவில்லை. அந்த நாளில் ஹாலிவுட்டின் வழக்கம் அது. நடிகையே பாடினார் என்று மக்கள் நம்பினால்தான் வியாபாரம் என்று நினைத்தார்கள்.

நம் தமிழ்ப் படங்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். டி.எம். சௌந்தரராஜன் யாருக்குப் பாடினார், பி. சுசீலா யாருக்குப் பாடினார் என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். பாடியவர் பெயரை வானொலியில் சொல்லிவிட்டுத்தான் பாட்டையே போடுவார்கள். ஆனால் தமிழ் தெரியாத கதாநாயகிகளுக்காக மறைவிலிருந்து வசனம் பேசியவர்கள் எத்தனை பேர்! அவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பாதிக் கைகூட நிறையாது.

உலகம் சொன்ன தீர்ப்பு

படம் வெளியானபோது நன்றாகவே ஓடியது. ஆனாலும் தலைமேல் வைத்துக் கொண்டாடவில்லை. கெல்லியின் முந்தைய படமான 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' 1952 மார்ச்சில்தான் சிறந்த படத்துக்கான ஆஸ்காரைப் பெற்றிருந்தது. அதன் புகழ் நிழலில் இது சற்று மறைந்தது. இரண்டு ஆஸ்கார்களுக்குப் பெயர் போய், ஒன்றும் கிடைக்கவில்லை.

காலம் வேறு தீர்ப்பு எழுதியது. 1982-ல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் பத்திரிகை உலக விமர்சகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில், உலகின் சிறந்த படங்களில் மூன்றாம் இடத்தை 'செவன் சாமுராய்' என்ற ஜப்பானியப் படத்தோடு பகிர்ந்துகொண்டது. 1989-ல் அமெரிக்க அரசு பாதுகாக்க வேண்டிய படங்கள் என்று முதன்முதலாகத் தேர்ந்த 25 படங்களில் இதுவும் ஒன்று. 2006-ல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் ஹாலிவுட் இசைப்படங்களின் பட்டியலில் இதற்கே முதலிடம் கொடுத்தது. 2022-ல் அதே பிரிட்டிஷ் பத்திரிகையின் பட்டியலில் பத்தாம் இடம். எழுபது ஆண்டு கழித்தும் பத்துக்குள் நிற்கிறது.

முக்கிய நடிகர் நால்வரும் இன்று இல்லை. ஹேகனுக்குப் பின் கெல்லி 1996-ல் மறைந்தார், ஓ'கானர் 2003-ல், ரேனால்ட்ஸ் 2016-ல், தம் மகள் நடிகை கேரி ஃபிஷர் மறைந்த மறுநாளே. ஆனாலும் திரையில் மழை இன்னும் நிற்கவில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தப் படம் கிடைத்தால் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். ஆங்கிலம் முழுவதும் புரியவேண்டும் என்பதில்லை. பாதிக் கதையைக் கால்களே பேசும். மூன்று இடங்களில் மட்டும் லீனாவின் முகத்தைக் கவனியுங்கள். முதல் விழாவில், பேச விடாமல் அவளைத் தடுக்கும்போது; உச்சரிப்புப் பாடத்தின்போது; கடைசியில் திரைச்சீலை விலகியும், தன் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் வாயசைத்துக்கொண்டே இருக்கும்போது. ஹேகன் எப்படிப்பட்ட நடிகை என்பது அங்கே விளங்கும்.

வீட்டில் பிள்ளைகள் மலாயோ ஆங்கிலமோ தமிழோ வாசிக்கும்போது நாக்கு தடுமாறினால், தயவுசெய்து யாரும் சிரிக்காதீர்கள். அண்ணன் தம்பியும் சிரிக்க வேண்டாம், விளையாட்டுக்கும் வேண்டாம். சிரித்த நாளில் மூடிய வாய் திறக்கச் சில சமயம் ஓராண்டு பிடிக்கிறது. எங்கள் மாணவி அதற்குச் சாட்சி.

யாராவது ஒரு நல்ல காரியத்தைப் பாராட்டும்போது, "இதைச் செய்தது யார்?" என்று ஒரு தரம் கூடுதலாகக் கேட்கும் பழக்கத்தையும் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். கோயில் திருவிழாவில் மாலை மேடையில் இருப்பவருக்கு விழும். அடுப்படியில் புகையில் நின்று ஐந்நூறு பேருக்குச் சமைத்தவருக்கு விழாது. பள்ளி ஆண்டுவிழாவில் ஆடிய பிள்ளைக்குக் கைதட்டல். இரவெல்லாம் விழித்து உடுப்புத் தைத்த தாய்க்கு இல்லை. உலகம் ஓட்டுகிற ரப்பர்ச் சக்கரத்தில் பால் வெட்டியவர் பெயர் எழுதியிருப்பதில்லை. இவற்றையெல்லாம் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. ஆனால் பெயரைக் கேட்பதற்குக் காசு செலவில்லை.

ஹாலிவுட் தன்னைப் பார்த்துத் தானே சிரித்தது. அந்தச் சிரிப்பிலும் ஒரு பெயரை விட்டுவிட்டது. அதை நாம் சொல்லிவிடலாம். அந்தக் காதல் பாட்டைப் பாடியவர் பெட்டி நோயஸ்.